சோதிக்கப்படாத வழிகள்: விமான நிலையப் பாதுகாப்பின் ஓட்டைகள் எங்கே இருக்கின்றன?

விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பயணியையும் அவருடைய கைப்பையையும் சோதித்தாக வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1973 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டு விமானக் கடத்தல்களும் கடத்தல் முயற்சிகளும் நூற்றைத் தாண்டியிருந்தன. துப்பாக்கியோடு வருபவனை வாசலிலேயே நிறுத்துவதுதான் அந்த விதியின் நோக்கம். அந்த அளவில் அது பலன் தந்தது. கடத்தல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் வாசலில் நிற்பவர்கள் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறார்கள் என்று அரசே சோதித்துப் பார்த்தபோதெல்லாம் கிடைத்த விடை சங்கடமானதாகவே இருந்தது. 1978இல் பயணிகளைப் போலச் சென்ற அதிகாரிகள் கொண்டுபோன ஆபத்தான பொருள்களில் 13 சதவீதம் பிடிபடவில்லை. 1987இல் அது 20 சதவீதமாக இருந்தது. 2015இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நடத்திய இரகசியச் சோதனையில், போலி வெடிகுண்டுகளையும் ஆயுதங்களையும் உள்ளே கொண்டுசெல்ல எடுத்த 70 முயற்சிகளில் 67 வெற்றி பெற்றுவிட்டன என்ற செய்தி கசிந்தது. விமான நிலையச் சோதனையை நடத்தும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தற்காலிகத் தலைவராக இருந்த மெல்வின் கேரவே உடனடியாக வேறு பணிக்கு மாற்றப்பட்டார்.

இந்த மூன்று எண்களையும் ஒரே வரிசையில் வைத்து, சோதனை ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிவிட்டது என்று முடிவு கட்டுவது சரியல்ல. தொடக்ககாலச் சோதனைகளில் கண்டுபிடிக்க எளிதான பொருள்களே கொண்டுபோகப்பட்டன. பிற்காலத்தில் சென்றவர்களோ நடைமுறையின் பலவீனங்களை நன்கு அறிந்தவர்கள். அது ஒருபுறம் இருக்க, 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்க விமான நிலையம் ஒன்றிலிருந்து புறப்பட்ட எந்தப் பயணிகள் விமானமும் குண்டுவெடிப்பில் வீழ்த்தப்படவில்லை என்பதும் உண்மையே. இருபதில் பத்தொன்பதைத் தவறவிடும் வாசலும், வீழாத விமானங்களும் எப்படி ஒருசேர இருக்க முடியும்? தாக்க நினைப்பவர்கள் மிகச் சிலரே என்பதும், அவர்களில் பலர் விமான நிலையத்துக்கு வருவதற்கு வெகு முன்னரே உளவுத் தகவலால் பிடிபடுகிறார்கள் என்பதும் விடையின் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, பெரும் தாக்குதல்களில் பலவும் வாசலில் இருப்பவர் கண் அயர்ந்ததால் மட்டும் நடந்தவை அல்ல என்பது. 'இதை வேறு யாரோ ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்' என்று அமைப்பு நம்பிக்கொண்டிருந்த இடங்களில்தான் அவை நடந்திருக்கின்றன.

முதலில் வாசலையே பார்ப்போம். எக்ஸ்ரே திரையில் தெரியும் நிறங்கள் பொருளின் தன்மையைச் சொல்பவை: உலோகம் நீலம், கரிமப் பொருள்கள் ஆரஞ்சு, இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. புத்தகம், சாக்லேட், சோப்பு, பாலாடைக்கட்டி ஆகியவை ஆரஞ்சாகத் தெரியும். பிளாஸ்டிக் வெடிபொருளும் அப்படித்தான் தெரியும். மடிக்கணினியின் மின்கலமும் சுற்றுப்பலகைகளும் அடர்த்தியானவை என்பதால், அவற்றுக்குக் கீழே இருப்பதை ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் பிரித்துப் பார்ப்பது கடினம். அதை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு பைக்கும் கிடைப்பது சில வினாடிகள் மட்டுமே. அந்தச் சில வினாடிகளில் அவர் தேடும் பொருள், பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூட எதிர்ப்படாமல் போகலாம்.

அரிதான ஒன்றைத் தேடும்போது மனிதக் கண் எப்படி ஏமாறுகிறது என்பதை உளவியலாளர் ஜெர்மி வுல்ஃபும் அவருடைய சகாக்களும் 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வில் காட்டினார்கள். பைகளின் எக்ஸ்ரே படங்களை ஒத்த, பல பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் படங்களில் ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது, பார்வையாளர்கள் தவறவிட்டது சுமார் 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டுமே அது இருந்தபோது, அவர்கள் தவறவிட்டது சுமார் 30 சதவீதம். கண்ணும் படங்களும் அவையே. மாறியது எதிர்பார்ப்பு மட்டும். திரும்பத் திரும்ப 'ஒன்றுமில்லை' என்ற விடையே சரியாக இருக்கும்போது, அந்த விடையை விரைவாகச் சொல்லிவிட மூளை பழகிக்கொள்கிறது. உண்மையான விமான நிலையத்தில் விகிதம் நூற்றில் ஒன்று அல்ல, பல கோடியில் ஒன்று. இதை ஈடுகட்டவே உண்மையான பைகளின் படங்களுக்கு நடுவே கற்பனைத் துப்பாக்கிகளையும் குண்டுகளையும் கணினி அவ்வப்போது செருகிக் காட்டுகிறது. பணியாளர் தவறவிட்டால் உடனே திரையில் அறிவிப்பு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் ஒருவர் தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் படங்களைப் பார்க்கக் கூடாது என்றும், பிறகு குறைந்தது 10 நிமிடங்கள் அந்த வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. வரிசை நீண்டு, விமானங்கள் தாமதமாகி, ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளும் நாளில் இந்த விதி என்ன பாடுபடும் என்பது ஊகிக்கக்கூடியதே.

இயந்திரங்களை முழுமையாக நம்பலாமே என்றால் அங்கே வேறு கணக்கு குறுக்கிடுகிறது. நூறு பைகளில் ஒன்றுக்கு மட்டுமே தவறாக ஒலி எழுப்பும் நல்ல கருவி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் பைகளில் ஒன்றில்தான் குண்டு இருக்கிறது என்றால், அந்த ஒன்றோடு சேர்த்து ஏறத்தாழ 10,000 முறை அது ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் பையைத் திறந்து பார்ப்பவருக்குச் சில வாரங்களிலேயே எச்சரிக்கை ஒலி என்பது 'மறுபடியும் ஒன்றுமில்லை' என்பதன் அடையாளமாகிவிடும். வெடிபொருள் துகள்களைத் தேடிக் கைகளிலும் பைகளிலும் துணித் துண்டால் துடைத்துச் சோதிக்கும் கருவி, கிளிசரின் கலந்த கைக்களிம்புக்கும், உரம் தொட்ட கைக்கும், இதய நோய்க்கான நைட்ரோகிளிசரின் மாத்திரைக்கும்கூட ஒலிக்கக்கூடும்.

பணியாளர்களின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2001க்கு முன்பு அமெரிக்காவில் இந்த வேலையை விமான நிறுவனங்கள் குறைந்த விலை கேட்கும் ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டிருந்தன. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2000இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 19 பெரிய விமான நிலையங்களில் சோதனைப் பணியாளர்கள் வேலையை விட்டுப்போகும் விகிதம் ஓராண்டில் சராசரியாக 126 சதவீதம். ஒரு விமான நிலையத்தில் அது 416 சதவீதம். அதாவது, ஒரே இருக்கையில் ஆண்டுக்கு நான்கு பேர் மாறி மாறி அமர்ந்திருக்கிறார்கள். திரையைப் படிக்கும் திறன் மாதக்கணக்கான பழக்கத்தில்தான் வருகிறது என்னும்போது, இந்த எண் எந்தக் கருவியின் குறையையும் விடப் பெரியது என்பதே என் கருத்து. 2001 நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உருவாக்கப்பட்டு, இப்பணி பெரும்பாலும் மத்திய அரசு ஊழியர்களிடம் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் செப்டம்பர் 11ஆம் தேதியின் காலை, பலரும் நினைப்பதைவிட நுட்பமான பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. யாரையும் சந்தேகிக்காமல் விட்டதால் அந்தத் தாக்குதல் நடந்துவிடவில்லை. கடத்தல்காரர்கள் 19 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களை அப்போதிருந்த கணினி முறை கூடுதல் கவனத்துக்கு உரியவர்களாகத் தேர்ந்தெடுத்தது. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் ஏறிய ஐந்து பேரில் மூவரைக் கணினி தேர்ந்தெடுத்தது. மற்ற இருவரையும் பயணச்சீட்டு முகப்பில் இருந்த ஊழியரே சந்தேகத்துக்குரியவர்களாகக் குறித்தார். ஆனால் அப்படிக் குறிக்கப்பட்டவர்களுக்கு நடந்தது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் விமானத்தில் ஏறியது உறுதியாகும்வரை அவர்களுடைய பெட்டிகள் ஏற்றப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டன. குண்டு வைத்த பெட்டியை அனுப்பிவிட்டுத் தான் ஏறாமல் நழுவுபவனை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட விதி அது. தானும் சாகத் துணிந்து ஏறுபவனிடம் அதற்கு வேலையே இல்லை. சோதனை வாயிலில் அவர்களில் சிலருக்கு உலோகக் கண்டறி கருவி ஒலித்தது. கைக்கருவியால் தடவிப் பார்த்தார்கள். எதனால் ஒலித்தது என்று கண்டறியாமலே உள்ளே விட்டார்கள். நான்கு அங்குலத்துக்குக் குறைவான கத்திகளுக்கு அன்று அனுமதி இருந்தது.

முந்தைய தாக்குதலுக்கான விடையை அடுத்த தாக்குதலின்முன் நீட்டுவது இந்தத் துறையின் வழக்கம். 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிபொருள் வைத்துப் பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ஏறினான். பயணிகள் காலணியைக் கழற்றும் வழக்கம் அதிலிருந்து வந்து, அமெரிக்காவில் 2006இல் கட்டாயமாகி, 2025 ஜூலையில்தான் முடிவுக்கு வந்தது. 2006 ஆகஸ்டில் இலண்டனில் முறியடிக்கப்பட்ட திரவ வெடிபொருள் சதியிலிருந்து, கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது என்ற விதி வந்தது. அந்தச் சதி எந்தச் சோதனை வாயிலிலும் பிடிபடவில்லை. மாதக்கணக்கான கண்காணிப்பில் பிடிபட்டது. 2009 கிறிஸ்துமஸ் நாளில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிபொருளைக் கொண்டுபோனான். உடைக்கு அடியில் இருப்பதைக் காட்டும் ஸ்கேனர்கள் வேகமாகப் பரவியது அதன் பின்னர்தான். மகன் தீவிரவாதிகளின் பக்கம் போய்விட்டதாக அவனுடைய தந்தையே சில வாரங்களுக்கு முன் அமெரிக்கத் தூதரகத்தில் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை ஒரு கோப்பில் பதிவானது. ஆனால் விமானத்தில் ஏறவிடாமல் தடுக்கும் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை.

திரவ விதியின் இன்றைய நிலை சற்று விசித்திரமானது. பையைச் சுற்றிப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. ஸ்கேனர்கள் வந்த பிறகு, சில விமான நிலையங்கள் அந்த விதியைத் தளர்த்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2024 செப்டம்பரில் அதைத் தற்காலிகமாக மீண்டும் கொண்டுவந்தது. கருவிகளின் கண்டறியும் திறன் குறித்த தொழில்நுட்பக் கேள்வி எழுந்ததே காரணம். அடுத்த ஆண்டு சில கருவிகளுக்கு மறுபடியும் ஒப்புதல் கிடைத்தது. விளைவு, புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட பாட்டில் திரும்பி வரும்போது குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

இனி, வாசலைச் சுற்றிக்கொண்டு செல்லும் வழிகளுக்கு வருவோம். 1985 ஜூன் 22 அன்று வான்கூவர் விமான நிலையத்தில் ஒரு பயணி, டொராண்டோவிலிருந்து மேற்கொண்டு செல்லும் பயணத்துக்கு இருக்கை உறுதியாகாத நிலையில், தன் பெட்டியை நேராக டெல்லிவரை பதிவுசெய்யச் சொல்லி வற்புறுத்தினான். நீண்ட வரிசை காத்திருந்தது. முகப்பில் இருந்த ஊழியர் கடைசியில் இணங்கினார். பெட்டி போனது, அவன் ஏறவில்லை. டொராண்டோவில் பெட்டிகளைப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் அன்று பழுதாகி நின்றுவிட்டதால், மோப்பக் கைக்கருவி ஒன்றைக் கொண்டு எஞ்சிய பெட்டிகளைச் சோதித்தார்கள். மறுநாள் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதே நாளில் தோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் வேறொரு பெட்டி வெடித்துச் சுமை தூக்கும் பணியாளர்கள் இருவர் உயிரிழந்தனர். ஏறாத பயணியின் பெட்டியை ஏற்றக் கூடாது என்ற எளிய விதி கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் அந்தப் பெட்டி வான்கூவரிலேயே நின்றிருக்கும். மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் 270 உயிர்களைக் குடித்த பான் ஆம் 103 விமானக் குண்டும், நீதிமன்றத் தீர்ப்பின்படி, மால்டாவிலிருந்து உடன்வரும் பயணி இல்லாமல் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக இலண்டன் வந்து சேர்ந்த பெட்டியில்தான் இருந்தது. இடையில் உள்ள ஒவ்வொரு விமான நிலையமும், முந்தைய நிலையம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கும் என்று எடுத்துக்கொண்டது.

சரக்கிலும் நிலைமை இதுவே. 2010 அக்டோபரில் யேமனிலிருந்து சிகாகோவுக்கு அனுப்பப்பட்ட இரண்டு கணினி அச்சுப்பொறிகளுக்குள் வெடிபொருள் இருப்பதாகச் சவூதி உளவுத் துறையிடமிருந்து தகவல் வந்தது. பொதிகளின் எண்களும் சேர்ந்தே வந்தன. இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் குறிப்பிட்ட பொதியையே கையில் வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு முதல் சோதனையில் எதுவும் தென்படவில்லை. துபாயில் இன்னொன்று கண்டெடுக்கப்பட்ட செய்தி வந்த பின்னரே மீண்டும் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். துபாயில் சிக்கிய பொதி அதற்கு முன் பயணிகள் விமானங்களில் பறந்து வந்திருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் கிடைக்காத ஒன்று, தகவலே இல்லாமல் வழக்கமான சோதனையில் கிடைத்திருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான சிக்கல், உள்ளேயே வேலை செய்பவர்கள். பெரிய விமான நிலையம் ஒரு நகரத்தைப் போன்றது; அட்லாண்டாவில் மட்டும் 60,000 பேருக்கு மேல் பணிபுரிகிறார்கள். துப்புரவு, எரிபொருள், உணவு, பெட்டி ஏற்றுதல், கடைகள் எனப் பலதரப்பட்ட நிறுவனங்களின் ஊழியர்கள் அடையாள அட்டையைக் காட்டி நாள்தோறும் பலமுறை உள்ளே போய் வருகிறார்கள். 1987 டிசம்பரில் கலிபோர்னியாவில், வேலைநீக்கம் செய்யப்பட்ட விமான நிறுவன ஊழியர் ஒருவர் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அடையாள அட்டையின் துணையால் சோதனையைத் தவிர்த்துத் துப்பாக்கியோடு ஏறினார்; அந்த விமானத்தில் இருந்த 43 பேரும் இறந்தார்கள். 2014 டிசம்பரில் வெளியான வழக்கில், அட்லாண்டாவில் பெட்டி ஏற்றும் ஊழியர் ஒருவர் துப்பாக்கிகளை ஊழியர் வழியாக உள்ளே கொண்டுவந்து, முறைப்படி சோதனை முடித்து உள்ளே வந்த கூட்டாளியிடம் கைமாற்றினார் என்பதும், இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பயணிகள் விமானங்களில் நியூயார்க் சென்றன என்பதும் தெரியவந்தது. 2016 பிப்ரவரியில் சோமாலியாவின் மொகதிஷுவிலிருந்து புறப்பட்ட டாலோ நிறுவன விமானத்தில் வெடித்த மடிக்கணினியை, சோதனைப் பகுதியைத் தாண்டிய பிறகு விமான நிலைய ஊழியர்களே பயணியிடம் கொடுப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. விமானம் இன்னும் அதிக உயரத்தை எட்டியிராததால் தப்பித் தரையிறங்கியது. குண்டைக் கொண்டுவந்தவன் மட்டும் இறந்தான். வாசலில் இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை வெறுமனே சாத்திவைப்பது என்பது இதுதான்.

வெளியாட்கள் வேலி வழியாக வந்த கதையும் உண்டு. 2013 பிப்ரவரி 18 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், காவலர் போல் உடையணிந்து ஆயுதங்களோடு வந்தவர்கள் சுற்றுவேலியை வெட்டி, விளக்குகள் பொருத்திய இரண்டு வண்டிகளை நேராக ஓடுதளப் பகுதிக்குள் ஓட்டிச் சென்று, புறப்படத் தயாராக நின்ற விமானத்தின் சரக்கறையிலிருந்து சுமார் 5 கோடி டாலர் மதிப்புள்ள வைரங்களை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள். ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. விமானத்துக்குள் அமர்ந்திருந்த பயணிகளுக்கு நடந்தது தெரியவே இல்லை.

ஆளை அடையாளம் காண்பதும் இதே வகைச் சிக்கல்தான். 2014 மார்ச்சில் காணாமல்போன மலேசியாவின் எம்.எச். 370 விமானத்தில் இருவர் திருடப்பட்ட ஐரோப்பியக் கடவுச்சீட்டுகளில் பயணித்தது தெரிந்தது. அவர்களுக்கும் விமானம் மறைந்ததற்கும் தொடர்பு இருப்பதாக எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் அந்த இரண்டு கடவுச்சீட்டுகளின் எண்களும் இன்டர்போலின் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்தன. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. 2024 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பெண், போர்டிங் பாஸ் இல்லாததால் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பின், விமானப் பணியாளர்களுக்கான தனி வழியில் அவர்களோடு கலந்து உள்ளே போய்ப் பாரிஸ் விமானத்திலும் ஏறிவிட்டார். அவருடைய உடலும் பையும் ஸ்கேன் செய்யப்பட்டன. அவர் யார், எங்கே போகிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டு ஆய்வாளர்கள், சிறு விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகளின் பட்டியலைப் பராமரிக்கப் பயன்படுத்திய ஓர் இணையதளத்தில், தொடக்கநிலை நிரலாளர்களே அறிந்த பிழை ஒன்றின் வழியாக யாருடைய பெயரையும் பணியாளராகச் சேர்க்க முடிந்தது என்று வெளியிட்டார்கள். பிழை அதற்கு முன்பே சரிசெய்யப்பட்டிருந்தது. பாதுகாப்பு நிர்வாகமோ, அந்த ஒரு பட்டியலை மட்டும் நம்பி தாங்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று விளக்கம் தந்தது.

வாசல் தானே உண்டாக்கும் ஆபத்தையும் விட்டுவிட முடியாது. சோதனை வரிசை என்பது சோதிக்கப்படாத மக்கள் நெருக்கமாக நிற்கும் கூட்டம். 2011 ஜனவரியில் மாஸ்கோவின் டொமொடெடோவோவில் வருகைக் கூடத்திலும், 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் புறப்பாட்டுக் கூடத்திலும் குண்டு வைத்தவர்கள் விமானத்தை நெருங்க முயலவே இல்லை. சோதனையைக் கட்டடத்தின் கதவுக்கே நகர்த்தினால் அந்தக் கூட்டம் நடைபாதைக்கு நகரும், அவ்வளவுதான். காக்பிட் கதவைக் குண்டு துளைக்காததாக ஆக்கியது 2001க்குப் பின் வந்த மாற்றங்களில் மிகப் பயனுள்ளது என்று பல வல்லுநர்கள் கருதுகிறார்கள், நானும் ஒப்புகிறேன். ஆனால் 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணைவிமானி, வெளியே சென்ற தலைமை விமானி திரும்பி வர முடியாதபடி அதே கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டபோது 150 பேர் இறந்தார்கள்.

முகபாவத்தையும் நடத்தையையும் வைத்துத் தீயவரைக் கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்றில் அமெரிக்கா 2007இலிருந்து சுமார் 90 கோடி டாலர் செலவிட்டது. அது தற்செயலைவிடச் சிறிதளவே மேலானது என்று தணிக்கை அமைப்பு 2013இல் கூறி, நிதியைக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஊழியர் வழியை அடைப்பதற்கு அப்படிப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. இன்னொரு ஸ்கேனரும் அதை இயக்க ஆளும் வேண்டும். போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2023இல் விமான நிலையங்களே தங்கள் ஊழியர்களைச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, அதற்கான செலவு தங்கள் தலையில் விழுகிறது என்று பல விமான நிலையங்கள் நீதிமன்றம் சென்றன. பயணிகளிடமிருந்து ஒவ்வொரு ஒருவழிப் பயணத்துக்கும் 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம் ஏற்கெனவே வசூலிக்கப்படுகிறது. 2013இல் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டத்தின்படி அதில் ஒரு பகுதி பாதுகாப்புக்குப் போகாமல், அரசின் நிதிப் பற்றாக்குறையைக் குறைக்கப் பொதுக் கணக்கில் சேர்ந்து வந்திருக்கிறது.